கூட்டிய கை

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உட்பக்கம் என் வேலை.
வாடகை வீடு, கடற்கரைப் பக்கம்,
சவர்த்தண்ணிக் கிணறு ஒன்று, மற்றதெல்லாம் மணல்.
சாவி வாங்கிக் கதவைத் தள்ளினால்
காலடியில் லைட் பில்:
ஜெ. பரிமளகாந்தி.
எனக்கு முன்னம் இருந்தவ.
பேர் மாற்ற அரை நாள் லீவு வேணும் என்றார்கள்.
நான் போகவில்லை.

பூமரத்துக்கும் எனக்கும் சரிவராது.
சாடி வாங்கி வைத்த ரோசா மூன்று,
மூன்றும் குச்சியாகிப் போனது.
அதனால் மணலைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்,
அதுவும் படலையிலிருந்து படிவரைக்கும்தான்.
கிணற்றடிப் பக்கத்தை
யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

ஐப்பசியில் ஒரு மழை.
மறுகா விடாமல் இரண்டு நாள்.
உடுப்புக் காயப்போடப் பின்னால் போனவள்
ஒற்றைக் காலில் நின்றேன்,
மற்றக் காலை வைக்க இடமில்லை.

பச்சையாய், பிறை பிறையாய்,
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறினாற்போல்
கிணற்றடியிலிருந்து வேலிவரைக்கும் முளை.
விதைத்த ஒழுங்கு இல்லை அது.
ஈர்க்கு நுனி இழுத்துக்கொண்டு போய்
கை ஓய்ந்த இடத்தில்
விட்டுவிட்டு வந்த ஒழுங்கு.
கடைசியாய் அவ கூட்டிய காலை
அப்படியே மணலுக்குள் கிடந்திருக்கிறது.

ஆனால் பிறைகள் மறுபக்கம் வளைந்தன.
என் விளக்குமாறு அப்படிப் போகாது.
முளையில் படாமல், காற்றில்,
ஒருக்கால் கையை மாற்றிப் பிடித்து வீசிப் பார்த்தேன்.
அச்சொட்டாய்ப் பொருந்தியது.

பரிமளகாந்தி, நீ இடக்கைக்காரி.
வேறொன்றும் எனக்குத் தெரியாது.
எங்கே போனாய், யாரோடு போனாய்,
பில் கட்டாமல் ஏன் போனாய்.

கார்த்திகையில் ஆளாளுக்கு முகம் வந்தது.
காசித்தும்பை, செவ்வந்தி, வாடாமல்லி.
மிளகு மிளகாய் விதை உதிர்த்துக்கொண்டு அந்திமந்தாரை,
நான் டியூட்டி முடிந்து வரும் நேரம் பார்த்து விரிந்தது.
தண்ணி ஊற்றவில்லை. பசளை போடவில்லை.
என்னை யாரும் கேட்கவும் இல்லை.
முற்றிய தும்பைக்காயைத் தொட்டுப் பார்த்தேன்,
நகத்தில் அடித்துவிட்டுச் சுருண்டது.
விதை போன பக்கம் தெரியவில்லை.
அகப்பட்டதை ஒரு மருந்து உறையில் போட்டு
பழக்கதோசத்தில் எழுதினேன்:
சாப்பாட்டுக்குப் பின்.

கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து சருகானது.
இப்போது பின்பக்கத்தையும் கூட்டினேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது,
என் கை போகும் பக்கமாய்.
ஆவணி முடிய மாற்றல் கடிதம்: திருக்கோவில்.

இங்கே வளவெல்லாம் சீமெந்து.
உறை அலுமாரிக்குள் கிடக்கிறது.

நேற்று ஒரு தெரியாத நம்பர்.
"பரிமளகாந்தி அக்காவா?"
வீட்டுக்காரர்தான் நம்பர் கொடுத்தாராம்.
ஏன் ஓம் என்றேனோ.
"வளவு நிறைய என்னவோ முளைச்சிக் கிடக்கு அக்கா,
வளைஞ்சு வளைஞ்சு,
ஒரு பக்கம் இப்பிடி, மற்றப் பக்கம் அப்பிடி.
புல்லென்டா புடுங்கிப் போடுவம் எண்டு..."

பொறுங்க, என்றேன்.
கார்த்திகை வரைக்கும் பொறுங்க.

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று அழுதது,
யாரோ தூக்கினார்கள்.
மறுகா அந்தப் பிள்ளை, குரலைத் தாழ்த்தி,
"லைட் பில்லும் வந்திருக்கக்கா உங்கட பேரில.
பாக்கி ஆயிரத்து எண்ணூற்றி நாற்பது."

ஓம், என்றேன்.
நான் கட்டுறன்.